ஆயிரம் நாள் காத்திராது

மலையக உறவுகளே, ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக நாம் எத்தனை வருடம் தெருவில் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஹட்டனில் நின்றோம், தலவாக்கலையில் நின்றோம், பொகவந்தலாவையில் மழையில் நனைந்தபடி நின்றோம். 2021இல் அந்த ஆயிரம் வந்தது. 2024இல் அது 1,350 ஆனது. கேட்டது நியாயம், இன்னும் கேட்பதும் நியாயம். கேட்கும் வாயை யாரும் மூடக்கூடாது.

ஆனால் இன்னோர் ஆயிரம் இருக்கிறது. அதற்காக நாம் ஒருநாளும் ஊர்வலம் போகவில்லை, ஒருநாளும் கூட்டம் போடவில்லை, ஒருநாளும் ஒருவரையொருவர் கணக்குக் கேட்கவில்லை. தாயின் வயிற்றில் கரு தங்கிய நாளிலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும் வரை உள்ள ஆயிரம் நாள். அந்த ஆயிரம் நாளில் மூளை வளர்கிறது, எலும்பு நீள்கிறது, நோயை எதிர்க்கும் பலம் உடம்பில் ஊறுகிறது. அப்போது கிடைக்காமல் போனதைப் பத்து வயதில் இரட்டிப்பாக ஊட்டினாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. சம்பள பாக்கியை அடுத்த வருடம் வாங்கலாம். இந்த பாக்கியை வாங்க முடியாது. கூட்டு ஒப்பந்தம் முடிந்தால் இன்னொன்று எழுதலாம். இதற்கு மறு ஒப்பந்தம் கிடையாது. இதை நீங்கள் வாசிக்கும் இந்த நேரத்தில் உங்கள் லயத்தில் ஒரு பெண் மூன்று மாதக் கர்ப்பிணி. அவளுடைய பிள்ளையின் நாட்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

2016இல் நாடு முழுவதும் நடந்த குடிசன, சுகாதார ஆய்வு சொன்னதைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதிலும் 17.3 வீதம். தோட்டத்துறையில் 31.7 வீதம். மாவட்டங்களை வரிசைப்படுத்தினால் இதில் மிக மோசமான இடம் நம் நுவரெலியாவுக்கு. பிள்ளைக் காம்பராவில் பத்துப் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருந்தால் அதில் மூன்று பிள்ளைகளின் வளர்ச்சி பாதியில் நின்றிருக்கிறது. அந்த ஆய்வுக்குப் பிறகுதான் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மாவின் விலை ஏறியது, பருப்பின் விலை ஏறியது, கிளினிக்கில் திரிபோஷ சத்துமா கிடைக்காமல் தாய்மார் வெறுங்கையோடு திரும்பினார்கள். உலக உணவுத் திட்டம் அந்த வருடம் பார்த்தபோது, உணவுக்கு மிக அதிகமாகத் தவித்தவர்கள் தோட்டக் குடும்பங்கள்தான்.

"நம்ம ஆட்கள் பரம்பரையே கட்டை" என்று சொல்லாதீர்கள். இந்தப் பேச்சை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலும் கேட்கிறோம், கோயிலடியிலும் கேட்கிறோம். இந்த உயரக் குறைவு இரத்தத்தில் வந்ததல்ல, தட்டில் வந்தது. அடிக்கடி வந்த வயிற்றோட்டத்தில் வந்தது, தாயின் உடம்பில் இருந்த குருதிச்சோகையில் வந்தது. பரம்பரை என்று பெயர் சூட்டிவிட்டால் யாருக்கும் கடமை இல்லாமல் போய்விடும். அதனால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு வசதியாக இருக்கிறது. அதை இன்றோடு விடுங்கள்.

வெட்கப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. கந்தப்பளையிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் ஏற்றிய லொறிகள் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் இறங்கிப் போகின்றன. நாட்டுக்கே மரக்கறி கொடுக்கும் மாவட்டம் இது. அந்தப் பாதைக்கு மேலே இருக்கும் லயத்தில் இரவுச் சாப்பாடு மா ரொட்டியும் கட்டைச் சம்பலும்.

இந்த ரொட்டி நம் பாட்டன் பூட்டன் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததல்ல. அவர்கள் கேழ்வரகும் கம்பும் தின்ற பூமியிலிருந்து வந்தவர்கள். இங்கே துரைமார் அரிசியை அளந்து கொடுத்து அதன் காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டாம் உலக யுத்தகாலப் பங்கீட்டோடும், அதற்குப் பின் கப்பல் கப்பலாக வந்த கோதுமை மாவோடும் ரொட்டி நம் அடுப்பில் ஏறியது. மலிவு, சீக்கிரம் ஆகும், மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம், பசி அடங்கும். 1973, 1974 பஞ்சத்தில் அந்த மாவும் குறைந்தபோது தோட்டங்களில் சாவு கூடியது. அதை நினைவில் வைத்திருக்கும் கிழவிமார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே ரொட்டியை நான் இழிவாகப் பேச வரவில்லை. நம்மை உயிரோடு வைத்திருந்த உணவு அது. ஆனால் உயிரோடு வைத்திருப்பது வேறு, பிள்ளையை வளர்ப்பது வேறு. ரொட்டியை மட்டும் நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது, ரொட்டியை மட்டும் தின்று கொழுந்தெடுக்கவும் முடியாது.

கொழுந்தெடுக்கும் கை பற்றிய ஒரு சான்று 1979ஆம் வருடத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. அந்த வருடம் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' இதழில் எட்ஜர்ட்டன் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வு நடந்தது வேறெங்குமல்ல, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். குருதிச்சோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் ஏற ஏற, அவர்கள் எடுத்த கொழுந்தும் ஏறியது. யாருக்குச் சோகை கடுமையாக இருந்ததோ அவர்களிடம் மாற்றம் அதிகம் தெரிந்தது. நம் அம்மாமாரின் உடம்பைச் சோதித்து எழுதிய உண்மை அது. நாற்பது வருடத்துக்கு மேலாக அச்சில் கிடக்கிறது. கம்பனிக்கும் அது பயன்படும், தொழிற்சங்கத்துக்கும் பயன்படும், நமக்கும் பயன்படும். எடுத்துக் கையில் வைத்திருப்பவர் யார்?

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு டிவிசனிலும், வேலை நேரத்துக்குள், வேலைத்தளத்திலேயே, வாரம் ஒரு முறை சமையல் வகுப்பு நடக்க வேண்டும். சத்துள்ள வீட்டுச் சாப்பாட்டை, நம் காசில், நம் அடுப்பில், நம் கையால் எப்படிச் சமைப்பது என்று ஒருவருக்கொருவர் செய்துகாட்ட வேண்டும். போசாக்கு மாதம் வந்தால் பதாகை கட்டி, விருந்தாளியை அழைத்து, ஒருநாள் கஞ்சி காய்ச்சிப் படம் எடுத்துக்கொள்வதை நான் வகுப்பு என்று சொல்லவில்லை. சில தோட்டங்களில் மருத்துவிச்சி அம்மாவும் பிள்ளைப் பராமரிப்பு உத்தியோகத்தரும் உண்மையாகவே அக்கறையோடு செய்துகாட்டுகிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். அவர்கள் தனியாகச் செய்வதை நாம் எல்லோரும் சேர்ந்து வாராவாரம் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

ஏன் வேலைத்தளத்தில் என்று கேட்பீர்கள். கொழுந்தெடுக்கும் அக்காவின் நாளைப் பாருங்கள். விடிவதற்கு வெகுமுன் எழும்புகிறாள். விறகை ஊதி அடுப்பை மூட்டுகிறாள். காலைக்கும் பகலுக்கும் ஒரே நேரத்தில் ஆக்குகிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுகிறாள், அங்கிருந்து பெரட்டுக்கு ஓடுகிறாள், அங்கிருந்து மலைக்கு ஏறுகிறாள். அந்தி நிறுவை முடிந்து லயத்துக்கு வந்தால் மறுபடி அடுப்பு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறாள். இந்தப் பெண்ணை "ஞாயிற்றுக்கிழமை வா, படிப்பித்துத் தருகிறேன்" என்று கூப்பிடுவது அநியாயம். அவளுடைய ஞாயிறையும் பிடுங்குவது அது. கம்பனியின் நேரத்திலிருந்து அரை மணி எடுங்கள், அவளுடைய தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.

இடம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. தோட்டத்தில் வீடும் வேலைத்தளமும் ஒரே மண்ணில் இருக்கின்றன. பெரட்டுக் களம் இருக்கிறது. கொழுந்து மடுவம் இருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் சமையலறையே இருக்கிறது. கம்பனிகளும் அரசும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்காரும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992 முதல் இருக்கிறது. பிள்ளை பராமரிப்பும் தாய்மாரின் சுகமும் அதன் பொறுப்பிலேயே இருக்கின்றன. அடுப்பு உண்டு, ஆள் உண்டு, நிறுவனம் உண்டு. இல்லாதது நம்முடைய உறுதி ஒன்றுதான்.

யார் சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறோம். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து வெண்பலகையில் மாப்பொருள், புரதம், கொழுப்பு என்று எழுதிவிட்டுப் போவார் என்று காத்திருக்கிறோம். காத்திருக்காதீர்கள். 1990இல் வியட்நாமில் ஜெரி ஸ்டெர்னின், மொனீக் ஸ்டெர்னின் என்ற கணவனும் மனைவியும் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்புக்காகப் போய் இறங்கினார்கள். பிள்ளைகளின் மெலிவைக் குறைத்துக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஆறு மாதம். தான் ஹோவா மாகாணத்துக் கிராமங்களில் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: இதே ஊரில், இதே ஏழ்மையில், நன்றாக வளரும் பிள்ளை யாருடைய பிள்ளை? அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்தத் தாய்மார் வயலில் கிடைக்கும் சின்ன இறாலையும் நண்டையும் வற்றாளைக் கீரையையும் பிள்ளையின் சோற்றில் சேர்த்தார்கள். இவை பிள்ளைக்கு ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கியவை. அவர்கள் நாளுக்கு ஒன்றிரண்டு தரமல்ல, பல தரம் சிறிது சிறிதாக ஊட்டினார்கள். ஊட்டுமுன் கை கழுவினார்கள். பிறகு மெலிந்த பிள்ளைகளின் தாய்மாரைச் சேர்த்து, ஒரு வீட்டு அடுப்பைச் சுற்றி இரண்டு வாரம் சமைக்க வைத்தார்கள். வரும்போது ஒவ்வொருத்தியும் கொஞ்சம் இறால், கொஞ்சம் கீரை கொண்டுவர வேண்டும். அதுதான் நுழைவுக் கட்டணம். பிள்ளைகள் தேறினார்கள்.

அப்படி ஒரு தாய் உங்கள் லயத்திலும் இருக்கிறாள். அதே சம்பளம், அதே காம்பரா, அதே மழை; ஆனால் அவள் பிள்ளையின் நிறை, கிளினிக் அட்டையில் பச்சைக் கோட்டில் ஏறிப் போகிறது. அவளைத் தேடுங்கள். அவளிடம் கேளுங்கள். அவள்தான் உங்கள் ஆசிரியை. அவளுக்குக் கதிரை போடுங்கள், அவளைப் பேசவிடுங்கள், அவள் கையைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசையரின் துணைவி மீனாட்சி அம்மாள் உரிமையின் சேதியைப் பாட்டாகவே தோட்டத்து மக்களிடம் கொண்டுபோனவர். எழுத்துத் தெரியாத சனத்துக்கும் பாட்டு எட்டியது. கூடி உட்கார்ந்து ஒருவர் வாயிலிருந்து ஒருவர் கற்பது நமக்குப் புதிதல்ல.

என்ன சொல்லிக்கொடுப்பது என்று தயங்குவோருக்காக விரிவாகவே சொல்கிறேன். மாவை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. பிசையும் மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா சேருங்கள். பாட்டன் பூட்டன் தின்ற கேழ்வரகுதான் அது, கல்சியம் நிறைந்தது. பொடியாய் அரிந்த கீரை ஒரு பிடி, துருவிய தேங்காய், முடிந்த நாளில் ஒரு முட்டை, எல்லாம் அந்த மாவுக்குள்ளேயே போகட்டும். தொட்டுக்கொள்ள வெறும் சம்பல் போதாது. பருப்பு வேண்டும், பயறு வேண்டும், கடலை வேண்டும். பயற்றை இரவு ஊறவைத்துத் துணியில் கட்டி முளைவிடச் செய்தால் அதன் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். குளிர் நாட்டில் முளை வரக் கூடுதலாக ஒருநாள் பிடிக்கும். அடுப்படிச் சூட்டில் வையுங்கள்.

கீரையை அரிந்த பிறகு கழுவாதீர்கள், கழுவிய பிறகு அரியுங்கள். நிறம் கறுக்கும் வரை வேகவிடாதீர்கள். இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளிப்பு கீரையில் உள்ள இரும்பை உடம்புக்குள் இழுத்துக்கொடுக்கும். மரக்கறித் தோட்டத்தில் பீட்ரூட் இலையையும் நோக்கோல் இலையையும் முள்ளங்கி இலையையும் வெட்டி எறிகிறார்கள். கிழங்குக்கு இணையான சத்து அந்த இலையில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், மருந்தடித்த நாளைக் கேட்டு வாங்குங்கள், பல தண்ணீரில் கழுவுங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: களைகொல்லி அடித்த மலையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் எவ்வளவு பசுமையாகத் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். லயத்து வாசலில் நாலு சாக்கில் மண் போட்டுச் சொந்தக் கீரை வளருங்கள்.

நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, வறுத்து இடித்து ஒரு போத்தலில் வையுங்கள். முள்ளோடு இடிபடுவதால் எலும்புக்கு வேண்டியது அதில் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்து ஊட்டத் தொடங்கிய பிள்ளையின் சோற்றில், பழகப் பழக, ஒரு சிட்டிகை சேருங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். அதற்குப் பிறகு பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி கொடுத்து வயிற்றை ஏமாற்றாதீர்கள். கரண்டியைச் சரித்தால் ஓடாத கெட்டியில், பிசைந்த சோறும் பருப்பும் கீரையும் மஞ்சள் கருவும் கொடுங்கள். ஒரு வயது வரை உப்பும் சீனியும் பிள்ளைக்குத் தேவையில்லை. கடையில் கணக்குக்கு வாங்கும் பிஸ்கட்டும் நூடில்ஸும் பிள்ளையின் அழுகையை நிறுத்தும், பிள்ளையை வளர்க்காது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். திரிபோஷ பை வீட்டுக்கு வந்தால் அது யார் பெயரில் வந்ததோ அவருக்கே போகட்டும். பிள்ளையின் பங்கை முழு வீடும் பகிர்ந்து தின்றால், கொடுத்த பலனும் பகிர்ந்து கரைந்துபோகும்.

பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கருவாட்டில் இருப்பது, சம்பலில் இருப்பது, கறியில் இருப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு தேக்கரண்டி. நாற்பது வயதிலேயே பிறசர் குளிசையும் சீனி வருத்தமும் வந்து நிற்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவனாவேன். நாம் உலகத்துக்குக் கொடுக்கும் பானம் அது. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை அது உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையைச் சாயத்தண்ணியில் விழுங்கும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். தங்கச்சிமாரே, அப்படி விழுங்கினால் குளிசையின் பலனில் பெரும்பகுதி வீணாகும். வெறும் தண்ணீரில் விழுங்குங்கள், தேசிக்காய்த் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. கல்சியம் குளிசையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் எடுங்கள். இந்த ஒரு விஷயத்துக்குக் காசு தேவையில்லை, விறகு தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாளைக்கே மாற்றலாம். நாளைக்கே மாற்றக்கூடியதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவோமானால் நம்மை யார் மன்னிப்பார்கள்?

இனி அண்ணன்மாரே, தம்பிமாரே, உங்களிடம் பேசுகிறேன். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்கள் நீங்கள். கவ்வாத்து வெட்டுபவரும் கான் வெட்டுபவரும் அளந்து கொடுத்த வேலையை முடித்துப் பல நாட்களில் பகலோடு லயத்துக்கு வந்துவிடுகிறீர்கள். உங்கள் மனைவி அப்போதும் கூடையோடு சரிவில் நிற்கிறாள். இடையிலுள்ள அந்த நேரம் யாருடையது? அடுப்பு மூட்ட உங்களுக்குக் கை இல்லையா? பருப்பு அவிக்க உங்களுக்குக் கண் இல்லையா? ஊரில் கலியாணம் என்றால் அண்டாவில் சோறு வடிப்பவர்கள் ஆண்கள். தேர்த் திருவிழா அன்னதானத்துக்கு மூட்டை அரிசி ஆக்குபவர்கள் ஆண்கள். நூறு பேருக்கு ஆக்கத் தெரிந்த கைக்கு நாலு பேருக்கு ஆக்குவது கௌரவக் குறைவா? சம்பள நாள் அந்தியில் கசிப்புக்குப் போகும் காசை எண்ணுங்கள். அது முட்டையின் காசு, பருப்பின் காசு, பிறக்காத பிள்ளையின் காசு. மனைவிக்கு முதலில் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். கர்ப்பிணி கடைசியில் சாப்பிடும் வீட்டில் நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அது உங்களைக் கேள்வி கேட்கும்.

துரைமாரே, கம்பனிகளை நடத்துபவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். வகுப்பு நடக்கும் அந்த அரை மணி நாட்கூலிப் பேரிலிருந்து கழிக்கப்படக்கூடாது. கிலோ குறைந்தது என்று அரைப் பேர் போட்டால் யாரும் வரமாட்டார்கள். வராதது அவர்கள் குற்றமும் ஆகாது. இரத்தம் ஏறினால் கொழுந்து ஏறும் என்று 1979லேயே சொல்லப்பட்டதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று: வகுப்பு நடத்துகிறோம், ஆகவே சம்பளம் போதும் என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். முட்டை வாங்கக் காசில்லாத வீட்டுக்கு முட்டையின் மகிமையை மட்டும் சொல்லுவது பாவம். நியாயமான கூலியும் வேண்டும், சமைக்கும் அறிவும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிப்பவர் இரண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டி வரும்.

சங்கத் தலைவர்மாரே, மாதாமாதம் சந்தா பிடிக்கிறீர்கள். கோரிக்கைப் பட்டியலில் இந்த அரை மணியை எழுதுங்கள். மாவட்டக் கூட்டங்களில் சம்பளம் பேசியபின் பிள்ளைகளின் நிறையையும் பேசுங்கள். கோயில் தலைவர்மாரே, திருவிழா வரவு செலவில் ஒரு பெரிய சட்டி, ஒரு நிறைத் தராசு, ஒரு மூட்டை குரக்கன் சேருங்கள். ஆசிரியர்களே, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் உங்கள் வேலை முடிந்துவிடாது. கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிமாரே, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் தாய்மாரே, உங்கள் பிள்ளையை வளர்க்கும் பாட்டியும் இந்த வகுப்பில் உட்கார வேண்டும். அனுப்பும் காசோடு அந்த ஒரு சொல்லையும் சொல்லி அனுப்புங்கள்.

இது ஒருவர் பாவமல்ல, ஒருவர் புண்ணியமுமல்ல. அடுத்த காம்பராவில் ஒரு பிள்ளை வளராமல் நிற்க, என் பிள்ளை வளர்ந்தது என்று யாரும் நிம்மதியாகப் படுக்க முடியாது. ஒரே கூரைத் தகரத்தின் கீழ் பத்து வீடு நமக்கு. ஒரு காம்பரா இருமல் பத்துக் காம்பராவுக்கும் கேட்கிறது. ஒரு காம்பரா பசி மட்டும் கேட்கவில்லை என்று சொன்னால் நம்புவார் யார்?

2023இல் நாம் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். அன்று அந்தப் பாதையால் நடந்து வந்து பசியிலும் கொலராவிலும் விழுந்தவர்களுக்காக விளக்கேற்றினோம், அழுதோம். அவர்களுக்காக அழுத கண் இன்று லயத்தில் இருக்கும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். அன்று விழுந்தவர்களைத் தூக்க நாம் அங்கு இல்லை. இன்று இருக்கிறோம். இருந்தும் தூக்காவிட்டால், இருநூற்றைம்பதாவது வருடத்தில் நடக்கப் போகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்லுவார்கள்? கணக்கப்பிள்ளையின் புத்தகத்தை விடக் கண்டிப்பான புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் திருத்த இடம் இல்லை, மேலெழுத இடம் இல்லை.

ஆகவே தள்ளிப் போடாதீர்கள். நிதி வரட்டும் என்று தள்ளாதீர்கள். புது வீடு கட்டிக் குடியேறிய பிறகு என்று தள்ளாதீர்கள். தேர்தல் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்துவிடுகிறது.

இன்றிரவு லயத்தில் நாலு வீட்டார் ஒன்றாய் உட்காருங்கள். பச்சைக் கோட்டில் பிள்ளை வளர்க்கும் அந்தத் தாய் யாரென்று பெயர் சொல்லிக் கண்டுபிடியுங்கள். நாளைப் பெரட்டில் அரை மணி கேட்டுப் பேசப் போவது யார் யார் என்று தீர்மானியுங்கள். பெண்கள் இருவராவது அதில் இருக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா அடுப்பைக் கேட்டு வாங்குவது ஒருவர் பொறுப்பு. மருத்துவிச்சி அம்மாவுக்குச் சேதி சொல்வது ஒருவர் பொறுப்பு. சனிக்கிழமை ஹட்டன் டவுனுக்கு இறங்குகிறவர் இரண்டு கிலோ குரக்கன் மாவும், ஒரு கிலோ பயறும், கால் கிலோ நெத்தலியும் வாங்கி வரட்டும்; காசை வீட்டுக்கு வீடு பங்கு போடுங்கள். முதல் வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு பிடி கீரை கொண்டுவரட்டும். முதல் சட்டியை ஓர் ஆண் கிண்டட்டும். முதல் தட்டு அந்த மூன்று மாதக் கர்ப்பிணிக்குப் போகட்டும், அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் தேத்தண்ணி ஊற்ற வேண்டாம்.